கருங்குளம் தாண்டினால் வரும் சத்தம்

இது கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த வெள்ளைக் கார் இன்றைக்கும் ஒரு போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வேப்பமரத்துக்கு அடியில் நிற்கிறது. நான்கு டயரும் இறங்கிவிட்டன. மேலெல்லாம் காக்கா எச்சம். அது ஏன் அங்கே நிற்கிறது என்பதை முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சென்னையில் மூன்று வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். வேறொரு நாட்டுக்காரனின் பகலுக்காக நாம் விழித்துக் கிடக்கிற வேலை. ஒரு நாள் பாதி ஷிப்டில் எழுந்து வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை. காலிக் கட்டடம், ஆள் இல்லாமல் மேலே போகும் லிஃப்ட், கழிப்பறையில் தானாக எரியும் விளக்கு, எல்லாம் பார்த்தாயிற்று. இருட்டுக்கு நான் பயப்படுவதில்லை. இது நடந்ததும் இருட்டில் இல்லை. நல்ல உச்சி வெயிலில், பஸ் ஓடுகிற ரோட்டில், இரண்டு பக்கமும் வாழை நிற்கிற இடத்தில்.

பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தக் காரை வாங்கியது. காரணம் என் தங்கை சுகன்யா. ஏரலில் கட்டிக் கொடுத்திருக்கிறது. முதல் பிள்ளை போன வருஷம் வயிற்றிலேயே போய்விட்டது. இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். பஸ் கூடாது, குலுங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அண்ணன் கார்லதான் வருவேன்" என்று சுகன்யாவும் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஏரலுக்குப் போனேன். செய்துங்கநல்லூர் வரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கருங்குளம் தாண்டியதும் பின்னால் சத்தம்.

டக்... டக்... டக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மூன்று.

உடனே ஜெய்சனுக்குப் போன் போட்டேன். ஜெய்சன் என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன். சொந்த ஊர் உவரி. கடலுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து மெக்கானிக் ஆனவன். பைபாஸ் ஓரம் தகர ஷெட் போட்டிருந்தான். சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. ஓட்டுகிறவன்தான் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவன் சட்டம்.

"சத்தம் வருதுன்னு மொட்டையா சொல்லாதலே மாரி. பிரேக் போட்டா வருதா? திருப்பினா வருதா? பள்ளத்துல விழுந்தா வருதா?"

"தெரியலலே."

"தெரியாம கொண்டு வந்தா நான் என்ன ஜோசியமா பாக்கேன்? நாளைக்கு அதே ரோட்டுல போ. ஒவ்வொண்ணா பாரு. மொதல்ல டிக்கிய காலி பண்ணு. இங்கன வார பாதி சத்தம் ஜாக்கியும் ஸ்பேனரும் ஆடுத சத்தம்தான்."

திங்கட்கிழமை டிக்கியைச் சுத்தமாகக் காலி செய்தேன். ஜாக்கி, ஸ்டெப்னி, அடியில் விரித்திருந்த ரப்பர் மேட், எல்லாவற்றையும் வீட்டு வாசலில் இறக்கி வைத்தேன். வெறும் தகரம்தான் மிச்சம்.

கருங்குளம் தாண்டியது. டக்... டக்... டக்.

பிரேக் போட்டேன். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்டியரிங்கை இடது வலது ஆட்டிப் பார்த்தேன். அதேதான். கியரை நியூட்ரலில் விட்டேன். அதேதான். சைக்கிள் வேகத்துக்கு வந்தேன். சக்கரத்தில் கோளாறு என்றால் சக்கரம் மெதுவாகும்போது சத்தமும் மெதுவாக வேண்டும். ஆகவில்லை. அது தன் கணக்கில் தட்டியது.

ஓரம் கட்டி நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். ஒரு டவுன் பஸ் கடந்து போனது. அதன் இரைச்சல் அடங்கியது.

டக்... டக்... டக்.

வண்டி நின்றுகொண்டிருந்தது.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மூடியின் உள்பக்கம் மட்டும் கறுப்பாக ஏதோ இழுவியிருந்தது. கிரீஸ். நான்கு விரல் மேலிருந்து கீழே இழுத்த மாதிரி. காலையில் காலி செய்தபோது அது இருந்ததா என்று யோசித்தேன். நினைவில்லை. பழைய துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் ஒரு மொபெட் பக்கத்தில் வந்தது. பின்னால் வாழை இலைக் கட்டு. ஓட்டினவன் தலையில் பச்சைத் துண்டு, கன்னத்தில் பெரிய மரு. கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டினான்.

"அண்ணாச்சி, டிக்கில ஏதோ சத்தம் வருது. மெக்கானிக்ட்ட காட்டுங்க."

"அவன்ட்டதான் போறேன்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் பின்தங்கினான். அப்புறம் கண்ணாடியில் பார்த்தேன். ரோடு காலியாகக் கிடந்தது. ஏதாவது தோட்டத்துக்குள் திரும்பியிருப்பான்.

கொஞ்ச தூரத்தில் ஒரு வாய்க்கால் பாலம். பக்கத்தில் ஒரு பனை, ரோட்டைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். அந்த இடத்தில் பின்னால் பெரிதாக ஒரு சத்தம். ஒரு மூட்டையைத் தூக்கி எறிந்த மாதிரி. வண்டியே குலுங்கியது.

அதோடு நின்றுவிட்டது. ஏரல் வரை சத்தமில்லை. திரும்பி வரும்போதும் சத்தமில்லை.

நேராக ஷெட்டுக்குப் போனேன். ஜெய்சன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"கருங்குளத்துல ஆரம்பிச்சு பனமரத்துல முடியுதா? உன் வண்டி என்ன பஸ்ஸாலே, ஸ்டாப் பாத்து ஏறி எறங்குததுக்கு?"

ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு வண்டி நின்றது. "அது என்னது?" என்று கேட்டேன்.

"திருட்டு வண்டி. நம்பர அடிச்சு மாத்திக் குடுன்னு நேத்து மூணு பேரு கொண்டு வந்து விட்டுட்டுப் போயிட்டானுவ. என் கை அதுல படாதுன்னுட்டேன். ஸ்டேஷன்ல சொல்லணும்." சொல்லிவிட்டு என் காருக்கு அடியில் படுத்தான். "நீ சீட்டுல ஏறு. நான் ரெண்டு தட்டு தட்டினா ஸ்டார்ட் பண்ணு. மூணு தட்டினா நிறுத்து. இன்ஜின் ஓடும்போது கத்தினா கேக்காது பாத்துக்கோ."

இரண்டு தட்டினான். ஸ்டார்ட் செய்தேன். அடியில் எதையோ ஆட்டிப் பார்த்தான். பிறகு தட்டினான்.

டக்... டக்... டக்.

என் கை சாவிக்குப் போகவில்லை.

மறுபடியும் தட்டினான். மூன்றாவது தட்டு முதல் இரண்டைவிடக் கொஞ்சம் பலம். முதல் இரண்டுக்கு நடுவே இருந்ததைவிட, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம்.

வெளியே ஊர்ந்து வந்து கதவைத் திறந்தான். "ஏலே, செவிடா நீ? அடியில மனுசன் கெடக்கேன்."

"இதேதான்லே."

"எது இதே?"

"கருங்குளத்துல கேக்குத சத்தம். இதே தட்டு. இதே மாதிரி."

கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். "அப்ப வண்டி உன்ன நிறுத்தச் சொல்லுது. நீதான் கேக்காம ஓட்டுத." சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "சரி, ஒண்ணு செய். போன்ல ரெக்கார்டு போட்டு டிக்கிக்குள்ள வச்சிட்டு ஓட்டு. நான் கேட்டுச் சொல்லுதேன்."

அதற்கு முன் பழைய சொந்தக்காரரைப் பார்க்கப் போனேன். அருணாசலம் சார், பெருமாள்புரத்தில் வீடு. தாசில்தார் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். காரை வாங்கியதிலிருந்து என்னிடம் விற்கும் வரை அவர் ஒருவர்தான் ஓட்டியிருக்கிறார்.

"சார், இந்த வண்டில யாருக்காவது... ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஏதும் நடந்திருக்கா?"

கேள்வியே அவருக்குப் பிடிக்கவில்லை. "என்ன தம்பி கேக்குதீங்க? கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர அது எங்கயும் போனதில்ல. ஒரு கோழிக்குஞ்சு மேல ஏறினது கிடையாது. ஆழ்வார்திருநகரிப் பக்கம்லாம் நான் கொண்டு போனதே இல்ல."

பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்தக் காரின் கடந்த காலத்தில் ஒன்றும் இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது.

புதன்கிழமை. போனை ரெக்கார்டில் போட்டுக் காலி டிக்கியில் வைத்தேன். கருங்குளம் தாண்டும்போது சரியாகப் பன்னிரண்டு மணி.

டக்... டக்... டக்.

அன்றைக்குச் சத்தம் வேறு மாதிரி. தட்டு வேகமாக வந்தது. மூன்று. மூன்று. மூன்று. நடுவில் மூச்சு விட நேரமில்லாத மாதிரி. புதுக்குடி வந்தபோது தட்டு இல்லை, உதை. பின் சீட்டின் முதுகு முன்னால் பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போனதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நிறுத்தவில்லை. நிறுத்தினால் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஆழ்வார்திருநகரி தேரடியில் கூட்டம். பூக்காரி, ஆட்டோ, வெயிலுக்குக் குடை பிடித்த பெண்கள். என் காருக்குள் ஒருவன் அடித்துக்கொண்டிருக்கிறான். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் தாண்டியது. வாழை.

தட்டு மெதுவானது.

டக்... டக்...

மூன்றாவது வரவில்லை.

சாய்ந்த பனை தெரிந்தது.

பின் சீட்டில் ஒரே உதை. என் சீட்டே ஆடி, நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. பல் உதட்டைக் கிழித்துவிட்டது. வாயில் ரத்தம்.

வண்டி தானாக நின்றது. நான் பிரேக்கை மிதிக்கவில்லை.

டிக்கி... திறந்தது.

கண்ணாடியில் மூடி மேலே எழுவதைப் பார்த்தேன்.

வண்டியின் பின்பக்கம் பாரம் குறைந்து மெல்ல மேலே வந்தது.

யாரோ இறக்கப்பட்ட மாதிரி.

மூடி விழுந்தது.

அப்புறம் அமைதி. வாய்க்காலில் தண்ணீர் போகும் சத்தம் மட்டும்.

எப்படி ஏரலுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, போனை எடுத்து, அங்கேயே கேட்டேன். முதலில் ரோட்டு இரைச்சல். பிறகு தட்டு. தட்டுக்குப் பின்னால் மூச்சு. வாயில் துணி அடைத்தவன் மூக்கால் இழுக்கிற மூச்சு. பிறகு வண்டி மண் பாதையில் இறங்கும் சத்தம். நான் மண் பாதையில் இறங்கவே இல்லை. டிக்கி திறக்கிறது. மூன்று பேர் குரல்.

"பையப் பைய தூக்குங்கலே. சட்டையில பட்டுராம."

ஒருவன் இருமுகிறான். ஒருவன் சிரிக்கிறான். அப்புறம் வெட்டு. வாழை மரத்தில் அரிவாள் இறங்கும் சத்தம் இந்தப் பக்கம் பிறந்தவனுக்குத் தெரியும். சதக் என்று ஈரமாக இருக்கும். அதே மாதிரிதான் இருந்தது. ஆனால் வாழை முனகாது. எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

தங்கை வீட்டு வாசலில் நின்றாள். வயிற்றில் ஒரு கை, மற்றொரு கையில் பை.

"ண்ணே, வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே ஒங்கூட வந்துரட்டா? வளையலு அங்கன போட்டுக்கிடலாம். உதட்டுல என்ன?"

"இந்த வண்டில நீ ஏறக் கூடாது."

"ஏன்?"

"பிரேக் சரியில்ல."

என் முகத்தைப் பார்த்தவள் அதற்கு மேல் கேட்கவில்லை. பையை உள்ளே கொண்டு போய் வைத்தாள். வெள்ளிக்கிழமை வாடகைக் காரில் அழைத்து வந்தோம். அவள் கால்கூட என் காரில் படவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண் பிள்ளை.

ஜெய்சனுக்கு அந்த ரெக்கார்டைப் போட்டுக் காட்டினேன். இயர்போனை மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டான். சிரிப்பு போய்விட்டது. இயர்போனைக் கழற்றினான். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இத அழிச்சுரு."

"யாருலே அது?"

"எனக்கென்ன தெரியும்? சாவிய எங்கிட்ட குடு. எங்க ஊரு அந்தோணியார் கோயில் முன்னால கொண்டு போய் மூணு நாள் நிறுத்துதேன். அவருக்கு அடங்காத பேய் கிடையாது. அப்பவும் சரியாவலன்னா பிரிச்சு உதிரியா வித்துருதேன்."

"வேண்டாம்லே. எங்கயாவது தள்ளிவிட்டுருவோம்."

"தள்ளிவிட்டா வேற எவனாவது எடுத்து ஓட்டுவான். ஒரு புள்ளத்தாச்சி ஏறுவா. சாவிய குடு."

கொடுத்தேன். உவரிக்குக் கொண்டு போனான். நான்காம் நாள் போன் செய்தான்.

"ஏலே மாரி, ஒண்ணையும் காணும். வேணும்னே கருங்குளம் வழியா ஏரல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். ஒரு சத்தம் கிடையாது. நான் ஏறி ஒக்காந்ததும் கம்முனு கெடக்கு. கோளாறு உன் காதுலதான்."

பிரிக்கவில்லை. தானே ஓட்டிக்கொண்டு திரிந்தான். பார்க்கும்போதெல்லாம் டிக்கியை மூன்று தட்டு தட்டி, "நிறுத்தவாலே?" என்று என்னைக் கிண்டல் செய்வான். திருட்டு வண்டி விஷயத்தை ஸ்டேஷனில் சொல்லிவிட்டான். அந்த மூன்று பேரைப் பிடித்தார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் வெளியே வந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷெட் திறந்து கிடந்தது. ஒற்றைச் செருப்பு மட்டும் வாசலில். ஜெய்சனும் இல்லை, காரும் இல்லை.

மறுநாள் கண்டுபிடித்தார்கள். ஆழ்வார்திருநகரி தாண்டி, வாய்க்கால் பாலத்தில் இருந்து மண் பாதையில் இறங்கினால் வரும் வாழைத் தோட்டத்தில். சாய்ந்த பனையில் இருந்து கூப்பிடு தூரம். உடம்பை அடையாளம் காட்ட என்னையும் அழைத்துப் போனார்கள். முகத்தை வைத்துக் காட்ட முடியவில்லை. நகக்கண்ணில் இருந்த கிரீஸை வைத்துக் காட்டினேன். வாயில் துணி அப்படியே இருந்தது. கைகள் முன்னால் கட்டப்பட்டிருந்தன. வலது கை விரல் முட்டி எலும்புகள் உடைந்து வெளியே தெரிந்தன.

பேப்பரில் முன்விரோதம் என்று போட்டிருந்தான். எதற்கும் அதைத்தான் போடுவான்.

அந்த ரெக்கார்டை நான் அழிக்கவில்லை. எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் முன்னால் போட்டேன். ஓடியது. ரோட்டு இரைச்சல். ஒரு பஸ் ஹாரன். தேரடிக் கூட்டம். வாய்க்கால் தண்ணீர். வேறு ஒன்றும் இல்லை. கடைசி வரை ஒன்றும் இல்லை.

"இது எதுக்கு?" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். போலீஸ் கைப்பற்றிக் கொண்டு வந்த கார் வேப்பமரத்துக்கு அடியில் நின்றது. டிக்கி திறந்து கிடந்தது. மூடியின் உள்பக்கம் தகரம் வெளியே பிதுங்கும்படி குழி குழியாக இருந்தது. எல்லாம் மூன்று மூன்றாக. அதன் மேல் கிரீஸ். நான்கு விரல், மேலிருந்து கீழே. நான் ஆவணியில் துணியால் துடைத்த அதே இடம்.

பக்கத்தில் பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பச்சைத் துண்டு. கன்னத்தில் மரு. வெளியே மொபெட், இலைக் கட்டு இல்லாமல். சாட்சி சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள். பெயர் பிச்சைக்கண்ணு.

"என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன்.

உற்றுப் பார்த்தான். "தெரியலியே அண்ணாச்சி."

"ஆவணி மாசம். ஆழ்வார்திருநகரி தாண்டி. இதே வண்டி. டிக்கில சத்தம் வருதுன்னு எங்கிட்ட சொன்னீங்க."

"ஆவணியிலயா? நான் கேரளாவுலல்லா கெடந்தேன், ரப்பர் தோட்டத்துல. ஊருக்கு வந்தே ஒரு மாசந்தான் ஆவுது. இந்த மொபெட்டே வந்த பெறவு வாங்குனது." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "நான் சொன்னது இந்த செவ்வாக்கிழமைல்லா. நல்ல உச்சி வெயிலு. இலைக் கட்டோட போய்க்கிட்டு இருக்கேன். முன்னால இந்த வண்டி. பின்னால டக்கு டக்குன்னு தட்டுது. ஜாக்கிதான் ஆடுதுன்னு நெனச்சேன். பக்கத்துல போய், அண்ணாச்சி, டிக்கில ஏதோ சத்தம் வருது, மெக்கானிக்ட்ட காட்டுங்கன்னேன்."

பிச்சைக்கண்ணு மறுபடியும் காரைப் பார்த்தான்.

"ஓட்டுனவன் கண்ணாடிய எறக்கிச் சிரிச்சான். மெக்கானிக் வண்டிலதான் இருக்காருன்னான். நானும் சிரிச்சிட்டுப் போயிட்டேன்."